சின்ன ஓ விஷயமாகத் தம்பிக்கு எழுதியது

அன்பும் படிப்பும் சம அளவில் அமையப்பெற்ற என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் உயிரோடும், உடலில் எந்த உறுப்பும் குறையாமலும், அவருடைய வழக்கமான இருமலோடும் இருக்கிறோம். அங்கு நீயும் உன் மனைவியும் என் மருமகள்கள் இருவரும் அவ்விதமே, இருமல் மட்டும் இல்லாமல், இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெரியவளுக்குப் பல் கம்பி போட்டதாகக் கேள்விப்பட்டேன். சிரிக்கத் தயங்க வேண்டாம் என்று அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லவும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் விஷவாயு கசியவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. உன் மனைவியிடம் இதைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் சொன்னதில் தீயணைப்பு வண்டி வந்தது என்ற ஒரு பகுதி மட்டுமே உண்மை. அதுவும் ஒரு வண்டிதான், மூன்று அல்ல. நீ விடுப்புப் போட்டுவிட்டுப் புறப்பட்டு வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாய். அவசியமில்லை. நிலைமை முழுவதும் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ வேதியியல் பேராசிரியர். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று திருத்தம் சொல்வாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

இந்த டைல்ஸ் கம்பெனியில் நான் ஸ்டோர் பார்க்க ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். டைல்ஸ் மேலே பூசிச் சூளையில் சுடுகிற மெருகுக் கலவைக்கு வேண்டிய பொடி, உப்பு எல்லாம் என் பொறுப்பு. மொத்தம் நாற்பத்தொரு சரக்கு. எதற்கும் நான் பெயர்ச்சீட்டைப் பார்த்ததில்லை. சீட்டு பாதிக்கு மேல் அழிந்தும் போயிருந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் நானே வைத்த பெயர் உண்டு. செம்பொடி, கல்லுவெள்ளை, மாவுவெள்ளை, பல்வெள்ளை, சோம்பல்வெள்ளை. சோம்பல்வெள்ளை தண்ணியில போட்டா கலங்கறதுக்கே அரைமணி நேரம் எடுத்துக்கும், அதனால அந்தப் பேரு. பச்சோந்தின்னு ஒண்ணு இருக்கு. ஈரக்காத்து அடிச்சா ரோஸ் கலரு, காய்ஞ்ச நாள்ல நீலம். டிரம்மைத் தட்டினாலே உள்ள எது இருக்குன்னு சொல்லிடுவேன். கலவை மேஸ்திரி வந்து நின்னு, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுத்துடுவேன். இப்படியே நான் ரிட்டயர் ஆகியிருப்பேன், என் கடைவாய்ப்பல் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா.

பல்லைப் பிடுங்க ரெண்டு நாள் லீவு போட்டேன். அந்த ரெண்டு நாளும் டைம் ஆபீஸ்காரர் ஸ்டோரைப் பார்த்துக்கிட்டார். நல்ல மனுஷர், வருகைப் பதிவேட்டைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. மேஸ்திரி வந்து, வெள்ளை நாலு மூட்டை வேணும்னு கேட்டிருக்கார். இவர் எது கதவுக்குப் பக்கத்துல இருந்துதோ அதைக் குடுத்திருக்கார். அது என் சோம்பல்வெள்ளை. மேஸ்திரிக்கு வேண்டியது பல்வெள்ளை. கண்ணாடி மாதிரி வர வேண்டிய குளியலறை டைல்ஸ் எல்லாம் காய்ஞ்ச பற்பசை மாதிரி, வெடிச்சு, சொரசொரன்னு வெளியே வந்துது. ரெண்டு நாள் உற்பத்தி. நான் வீங்கின கன்னத்தோட வேலைக்குத் திரும்பினப்போ மேனேஜர் கூப்பிட்டார். கோவமாப் பேசியிருந்தா எனக்கும் பதில் சொல்லத் தெரியும். அவர் ரொம்பச் சாதாரணமா, "உங்க தலைக்குள்ள இருக்கற ஸ்டோர் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா அது உங்களோட சேர்ந்து லீவு எடுத்துக்குது"ன்னார். பல்லு வலின்னு சமாளிச்சுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தரைப் புதுசா நியமிச்சாங்க. சாப்பிடும்போதும் தலைக்கவசத்தைக் கழட்டாததால அவருக்கு ஹெல்மெட்டுன்னே பேராயிடுச்சு. அவர் வந்த மூணாம் நாள் ஒரு சுற்றறிக்கை. ஸ்டோர்ல இருக்கற ஒவ்வொரு டிரம்மோட முன்பக்கத்திலயும் அந்தப் பொருளோட வேதி வாய்ப்பாடு பத்தடி தூரத்துலேர்ந்து தெரியற மாதிரி இருக்கணும், மூடி மேல முழுப் பேர் இருக்கணும், ஒரு மாசத்துல வெளியேர்ந்து ஆய்வாளர் வருவாங்க, ஸ்டோர் கீப்பர் அவங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லணும். சொல்லலைன்னா பட்டம் வாங்கின ஒருத்தரை அங்க போட்டுட்டு என்னைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு அனுப்பிடுவாங்களாம். பேக்கிங்ல வேலை என்ன தெரியுமா, அட்டைப்பெட்டியில டேப் ஒட்டறது. நான் டேப் ஒட்டப் பொறந்தவ இல்ல.

பத்தாவதுல வேதியியல்ல நான் வாங்கின மார்க்கு உனக்கு ஞாபகம் இருக்கலாம். இல்லைன்னா ஞாபகப்படுத்திக்க வேண்டாம். அதனாலதான் அன்னிக்கு உனக்குப் போன் போட்டேன். சோடியம் குளோரைடுக்கு ஏன் NaCl, கால்சியம் குளோரைடுக்கு மட்டும் ஏன் CaCl₂, இந்த ரெண்டு எங்கேர்ந்து வருதுன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நீ அணுக்கருவுலேர்ந்து ஆரம்பிச்சே. நாப்பது நிமிஷம் ஆச்சு, இன்னும் உப்புக்கு வந்து சேரல, என் சாப்பாடு ஆறிப்போச்சு. உன்கிட்டப் படிக்கற பிள்ளைங்களை நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு. கோவிச்சுக்காதே, நாப்பது நிமிஷத்துல நீ சொன்னதை ஒரு மெல்லிசான புஸ்தகம் நாலு பக்கத்துல சொல்லிடுச்சு. பழைய புஸ்தகக் கடையில கெடைச்சுது. அட்டையில ஒரு பூனை கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. அதை நான் பஸ்ல போக வர, மத்தியானச் சாப்பாட்டு வேளையிலன்னு மூணே வாரத்துல முடிச்சுட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் இத்தனை கைன்னு ஒரு கணக்கு இருக்கு, நீங்க அதை இணைதிறன்னு சொல்றீங்க. சோடியத்துக்கு ஒண்ணு, கால்சியத்துக்கு ரெண்டு, அலுமினியத்துக்கு மூணு. குளோரினுக்கு ஒண்ணு, ஆக்சிஜனுக்கு ரெண்டு. எந்தக் கையும் சும்மா தொங்கக் கூடாது. அதனால கால்சியத்துக்கு ரெண்டு குளோரின் வேணும். அலுமினியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் ஒத்துப்போகணும்னா இது ரெண்டு, அது மூணு. Al₂O₃. பேர் வைக்கும்போது உலோகம் முதல்ல, அது பேர் மாறாது. ரெண்டாவதா வர்றது மட்டும் வாலை வெட்டிக்கிட்டு ஐடுன்னு ஆகும். குளோரின் குளோரைடு, ஆக்சிஜன் ஆக்சைடு. ரெண்டுமே அலோகமா இருந்தா, எத்தனைன்னு பேர்லயே சொல்லிடணும், மோனோ, டை, ட்ரைன்னு. இதுக்கா நீ அஞ்சு வருஷம் காலேஜுக்குப் போனே?

படிக்கறதுல ஒரு சின்ன சங்கடம் இருந்துது. எனக்கு வாய்விட்டுச் சொன்னாத்தான் மனசுல நிக்கும். பஸ் ஜன்னல் ஆவி பூத்திருந்தா அதுல விரலால எழுதிக்கிட்டே, ஒரு கால்சியம் ரெண்டு குளோரின், ரெண்டு அலுமினியம் மூணு ஆக்சிஜன்னு சொல்லிக்கிட்டு வருவேன். ஒரு நாள் பக்கத்துல உக்காந்திருந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தனக்கும் கால்சியம் ஒரு வேளைக்கு ஒண்ணுன்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க, ரெண்டு அலுமினியம் எல்லாம் ஜாஸ்தி, வேற டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு அட்ரஸ் எழுதிக் குடுத்தாங்க. வாங்கி வெச்சுக்கிட்டேன். அவ்வளவு அக்கறையா ஒருத்தர் குடுக்கறப்போ வேண்டாம்னு சொல்ல முடியுமா.

வீட்லயும் பயிற்சி வேணும்னு சமையலறை டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டினேன். உப்பு டப்பாவுல சோடியம் குளோரைடு. சமையல் சோடா டப்பாவுல சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட். உன் அத்தான் எதையும் முதல் வார்த்தைக்கு மேல படிக்க மாட்டார். சோடியம்னு ஆரம்பிச்ச டப்பாவை எடுத்துத் தக்காளி சூப்புல ரெண்டு ஸ்பூன் போட்டுட்டார். சூப்பு பொங்கி, அடுப்புல வழிஞ்சு, தரையில எறங்கி, நுரையோட ஹாலைப் பார்த்துப் போயிக்கிட்டிருந்துது. அவர் ஒரு கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். பேருக்கு வால் எவ்வளவு முக்கியம்னு அன்னிக்கு அவருக்குப் புரிஞ்சிருக்கணும். புரிஞ்சிருந்தா பின்னாடி நடந்த எதுவும் நடந்திருக்காது.

இப்போ அந்த லேபிள் விஷயத்துக்கு வர்றேன். கம்பெனியில இருக்கற லேபிள் மெஷின் விரல் அகல நாடாவுலதான் அடிக்கும். சூளைச் சூட்டுக்கு அது நாலு நாள்ல சுருண்டு விழுந்துடும். பத்தடியிலேர்ந்து தெரியணும்னா பெயிண்ட்ல எழுதறதுதான் வழின்னு நான் மீட்டிங்ல எழுந்து சொன்னேன். யார் எழுதுவாங்கன்னு ஹெல்மெட் கேட்டார். எங்க வீட்லயே ஆள் இருக்குன்னு சொன்னேன். உன் அத்தான் கையெழுத்தைப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டாம். இந்த ஊர்ல பாதிக் கடைப் பலகை அவர் எழுதினது. ஸ்கேல் வைக்காமலே நேர்கோடு போடுவார். தகரத்துல வெள்ளை அடிச்சு, கறுப்புல எழுதிக் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டார். ஆனா தொழில் தெரிஞ்ச மனுஷர்கிட்ட வேலை வாங்கறது லேசு இல்ல. நம்பரை ஏன் எழுத்துக்குக் காலடியில உக்கார வைக்கறாங்க, பக்கத்துல சமமா உக்கார வெச்சா என்னன்னு கேட்டார். அது முன்னாடி இருக்கற எழுத்துக்கு மட்டும் சொந்தம், அதனாலதான் அப்படின்னு விளக்கினேன். அடுத்தது அடைப்புக்குறி. கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு Ca(OH)₂-னு எழுதணும். பலகையில அடைப்புக்குறி போட்டா, முக்கியமில்லாத சமாச்சாரம்னு ஜனங்க நெனைப்பாங்கன்னார். குறி இல்லைன்னா ஹைட்ரஜன் மட்டும்தான் ரெண்டாகும், ஆக்சிஜன் ஒண்ணாவே நிக்கும், இதுங்க ஜோடியாவே வந்து ஜோடியாவே போற கூட்டம்னு கால்மணி நேரம் சொன்னேன். கடைசியில சரின்னு போட்டார். நாப்பத்தொரு தகடும் ஹால் முழுக்கக் காய்ஞ்சுது. ஒரு வாரம் நாங்க சுவரோரமா நடந்தோம். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. நானும் பார்த்தேன்தான். ஆனா அழகைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கல. அதுக்குத்தானே அவர் இருக்கார்.

ஆய்வாளர் போன செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணிக்கு வந்தாங்க. ஒல்லியா, உயரமா ஒரு அம்மா, கையில ஒரு நோட்டும் பென்சிலும். பேச்சே இல்ல. ஒவ்வொரு டிரம் முன்னாடியும் நிப்பாங்க, படிப்பாங்க, நோட்டுல ஒரு கோடு போடுவாங்க. நான் முகத்துல எதையும் காட்டிக்கல. ஹெல்மெட்தான் வேர்த்து வழிஞ்சார். பதினேழு வரைக்கும் கோடு விழுந்துது. பதினெட்டாவது, மேல் தட்டுல இருக்கற அட்டை டிரம்மு. அந்தம்மா பென்சில் நின்னுடுச்சு. ரொம்ப மெதுவா, இது எவ்வளவு நாளா இங்க இருக்குன்னு கேட்டாங்க. ஆறு மாசமா இருக்கு, இருபத்தஞ்சு கிலோ, எங்க பச்சோந்தின்னு பெருமையாச் சொன்னேன். பதட்டத்துல பழைய பேர்தான் வாயில வந்துது. அதோட விட்டிருக்கலாம். "மூடியைத் திறந்து காட்டட்டுங்களா? ஈரமான நாள்ல பார்க்கவே அழகா இருக்கும்"னு கேட்டுட்டேன்.

"தொடாதீங்க. எல்லாரும் வெளியே போங்க"ன்னாங்க.

கத்தல தம்பி, சாதாரணக் குரல்லதான் சொன்னாங்க. அதுதான் எல்லாரையும் ஓட வெச்சுது. ஹெல்மெட் சங்கை ஊதிட்டார். இருநூத்து நாப்பது பேரும் வண்டி நிறுத்தற இடத்துல வந்து நின்னோம். சூளையில இருந்த டைல்ஸ் எல்லாம் கேக்க ஆளில்லாம வெந்துக்கிட்டிருந்துது. கேன்டீன்காரர் கையில வடிகட்டியோட நின்னார். டைம் ஆபீஸ்காரர் மட்டும் வருகைப் பதிவேட்டை எடுத்துட்டு வந்து, யார் யார் உசிரோட இருக்காங்கன்னு பேர் கூப்பிட்டுக்கிட்டிருந்தார். ஹெல்மெட் போன்ல, பாஸ்ஜீன் இருபத்தஞ்சு கிலோன்னு யாருக்கோ சொல்லிக்கிட்டிருந்தார். அது கேட்டுக்கு வெளியே நின்ன பழ வண்டிக்காரர் காதுல விழுந்து, அவர்கிட்டேர்ந்து ஊர் பூரா போய், சாயங்காலத்துக்குள்ள உன் மனைவி வரைக்கும் வந்திருக்கு.

பாஸ்ஜீன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. அந்தம்மாகிட்டப் போய்க் கேட்டேன். அவங்க, அது கார்பன், ஆக்சிஜன், ரெண்டு குளோரின் சேர்ந்தது, ஒரு காலத்துல யுத்தத்துல மனுஷங்களைக் கொல்றதுக்குன்னே திறந்துவிட்ட வாயு, அதோட வாய்ப்பாடு COCl₂, உங்க டிரம்முல பெருசா எழுதியிருக்குன்னாங்க. அந்தத் தட்டுக்குக் கீழ உக்காந்துதான் ஆறு மாசமா மத்தியானம் சாப்பிட்டிருக்கேன். மேஸ்திரிக்கு அதுலேர்ந்து கரண்டி கரண்டியா அள்ளிக் குடுத்திருக்கேன். அவருக்கு ரெண்டு பொண்ணு. இதெல்லாம் ஒரே நிமிஷத்துல மனசுல ஓடிச்சு.

ஆனா உன் அக்கா இடிஞ்சுபோயிடற ஆள் இல்ல. நடைபாதை விளிம்புல உக்காந்து விரலை விட்டு எண்ணினேன். கார்பனுக்கு நாலு கை. ஆக்சிஜன் ரெண்டைப் பிடிச்சுக்கும். மீதி ரெண்டுக்கு ஆளுக்கு ஒண்ணா ரெண்டு குளோரின். ஒரு கைகூட மிச்சமில்ல. கணக்கு கச்சிதமா முடிஞ்சுது, அதுதான் பயமா இருந்துது. தப்பா இருந்திருந்தா தைரியமாச் சிரிச்சிருப்பேன். மறுபடியும் யோசிச்சேன். என் நாப்பத்தொண்ணுல கார்பனும் குளோரினும் சேர்ந்து வர்றது ஒண்ணுகூட இல்ல. பதினெட்டு பச்சோந்தி. பச்சோந்தின்னா கோபால்ட் குளோரைடு. கோபால்ட்டுக்கு ரெண்டு கை, ரெண்டு குளோரின். CoCl₂. அங்கயும் கணக்கு கச்சிதம். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்தோட உயரம். C பக்கத்துல சின்ன o நின்னா அது கோபால்ட்டுங்கற ஒரே ஆள். பெரிய O நின்னா கார்பன், ஆக்சிஜன்னு ரெண்டு ஆள்.

அதுக்குள்ள தீயணைப்பு வண்டி வந்து, நாலு பேர் முகமூடி மாட்டிக்கிட்டிருந்தாங்க. நான் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு ஆய்வாளர்கிட்டப் போய், "அம்மா, ரெண்டாவது எழுத்து பெருசா இருந்துதா, சின்னதா இருந்துதா?"ன்னு கேட்டேன்.

"பெருசு."

"அது சின்னதா இருக்கணும்."

நான் விடாம, வாயுவை யாராவது அட்டை டிரம்முல போட்டு வைப்பாங்களா, இரும்பு சிலிண்டர் இல்லாம அது நிக்குமான்னு கேட்டேன். என் சாமர்த்தியத்தை மெச்சுவாங்கன்னு நெனச்சேன். அந்தம்மா, "எனக்கு உங்க டிரம்மைத் தெரியாது, உங்களையும் தெரியாது. லேபிளைத்தான் தெரியும். அது சொல்றதை நம்பித்தான் நான் முடிவெடுக்கணும். நம்பச் சொல்லித்தானே ஒட்டறீங்க?"ன்னாங்க. நான் முகமூடிக்காரங்ககிட்டப் போய், மூடி மேல முழுப் பேர் இருக்கு, அதைப் படிங்கன்னு சொன்னேன்.

முகமூடிக்காரங்க உள்ள போய், ஏணி வெச்சு ஏறி, மூடி மேல இருந்த பேரைப் படிச்சுட்டு, முன்னாடி இருந்த தகட்டையும் கழட்டிக்கிட்டு வந்தாங்க. கோபால்ட் குளோரைடுதான். அதுவும் ஒண்ணும் சாது இல்ல, கையுறை இல்லாமத் தொடக் கூடாது, ஆனா யுத்தத்துக்குப் போற ஆள் இல்ல. ஹெல்மெட் நிம்மதியில தலைக்கவசத்தைக் கழட்டி நெத்தியைத் துடைச்சுக்கிட்டார். யார் இந்த ஆளுன்னு பேக்கிங் செக்‌ஷன்காரங்க ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கிட்டாங்க.

உள்ள போகலாம்னு அனுமதி வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்ங்கவும், அந்தம்மா, சும்மாதானே நிக்கறோம், கேள்வியை இங்கயே முடிச்சுடலாம்னுட்டாங்க. இருநூத்து நாப்பது பேர் முன்னாடி தம்பி. பத்து கேள்வி. துத்தநாக ஆக்சைடு, ZnO. அலுமினியம் சல்பேட், Al₂(SO₄)₃, அடைப்புக்குறியைக் கையாலயே காத்துல போட்டுக் காட்டினேன். இரும்பு மூணு ஆக்சைடு, Fe₂O₃. பேர்ல மூணுன்னு சொல்லிட்டு இரும்புக்குக் கீழ ரெண்டு போடறீங்களேன்னு மடக்கினாங்க. மூணுங்கறது அந்த இரும்போட கை, ரெண்டுங்கறது தலை எண்ணிக்கைன்னு சொன்னேன். மேஸ்திரி கை தட்டினார். ஒண்ணே ஒண்ணு போச்சு. டைநைட்ரஜன் டெட்ராக்சைடு. ரெண்டும் நாலும் வருதே, சுருக்கி ஒண்ணு ரெண்டுன்னு ஆக்கிடலாம்னு NO₂-ன்னு சொல்லிட்டேன். அங்கல்லாம் சுருக்கக் கூடாதாம், பேர் எத்தனைன்னு சொல்லுதோ அத்தனையும் அப்படியே எழுதணுமாம், N₂O₄. NO₂ வேற ஆளாம். போகட்டும், பத்துக்கு ஒன்பது. உன் காலேஜ்ல எத்தனை பேர் வெயில்ல நின்னு ஒன்பது வாங்குவாங்க, சொல்லு.

அதுக்கப்புறம் மேனேஜர், இந்தத் தகட்டை எழுதினது யாருன்னு கேட்டார். ஆள் அனுப்பி உன் அத்தானை வரவழைச்சாங்க. சைக்கிள்ல பெயிண்ட் பெட்டியைத் தொங்கவிட்டுக்கிட்டு வந்து எறங்கினார். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, தீயணைப்பு வண்டி நிக்குது. விஷயத்தைச் சொன்னதும் அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தை உர்ருன்னு வெச்சுக்கிட்டேன். "நான்தான் எழுதினேன். எல்லா எழுத்தும் ஒரே உயரத்துல இருந்தா லட்சணமா இருக்கும்னு நெனச்சுட்டேன். தப்புதான்"னார். அவ்வளவுதான். அங்கயே குத்துக்காலிட்டு உக்காந்து, வெள்ளையால பெரிய ஓவை அழிச்சு, காய வெச்சு, சின்ன ஓவைப் போட்டார். முகமூடிக்காரர் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு, எங்க வண்டி நம்பரையும் எழுதித் தர முடியுமான்னு கேட்டார். அதையும் எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தார்.

எனக்கு என்ன ஆத்திரம்னா, மத்த நாப்பது தகட்டுலயும் சின்ன எழுத்தைச் சின்னதா ஒழுங்கா எழுதியிருக்கார். Zn, Ca, Na, எல்லாம் சரி. இந்த ஒண்ணுல மட்டும் தன் கலையைக் காட்டியிருக்கார். லட்சணமாம் லட்சணம். அவரோட லட்சணத்தால என் இருபத்தாறு வருஷ வேலை ஒரு நூல்ல தொங்கிச்சு. அன்னியிலேர்ந்து இன்னியோட அஞ்சு நாள் ஆச்சு, நான் அவரோட பேசல. வேணுங்கறதைச் சீட்டுல எழுதி வெச்சுடறேன். அவரும் ஏன்னு கேக்கல. தப்பு பண்ணினவர் எப்படிக் கேப்பார்.

மொத்தத்தில் விஷயம் இதுதான். ஆய்வாளர் என் பெயருக்கு எதிரே ‘தகுதி உண்டு’ என்று எழுதிவிட்டார்கள். ஸ்டோர் என்னிடமே இருக்கிறது. இனி நான் பல்லைப் பிடுங்கப் போனாலும் சரி, தாடையையே கழற்றப் போனாலும் சரி, யார் வந்தாலும் லேபிளைப் பார்த்துச் சரக்கை எடுக்கலாம். நீ புறப்பட்டு வர வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு உதவி செய். பேராசிரியர் என்கிற முறையில் உன் அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் உள்ள வித்தியாசம், சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டிய கடமை, இவற்றைக் கண்டிப்பாகவும் மரியாதை குறையாமலும் எடுத்துச் சொல். நான் சொன்னால் அவருக்கு ஏறாது.

உன் வீட்டில் எல்லோரும் நோயில்லாமல், எதிலும் குறையில்லாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா

பி.கு.: மேலே உன் அத்தானைப் பற்றி எழுதினதை எல்லாம் அடிச்சுடு. கடிதத்தை ஒட்ட கோந்து வேணும்னு அவர் பெயிண்ட் பெட்டியைத் திறந்தேன். அடியில, நாலா மடிச்சு ஒரு தாள் இருந்துது. வாய்ப்பாடு எல்லாத்தையும் வரிசையா நான் அவருக்கு எழுதிக் குடுத்த தாள். பதினெட்டாவது வரியில COCl₂-ன்னு இருக்கு, ஓ நல்லா முழு நிலா மாதிரி, என் கையால. பக்கத்துல சின்னதா ஒரு கேள்விக்குறி போட்டிருக்கு, அது அவர் கை. அதுக்கும் பக்கத்துல ‘சரி’ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கு, அது மறுபடியும் என் கை. அந்தத் தாள் அன்னிக்கு அவர் பெட்டியிலதான் இருந்திருக்கு. எடுத்து நீட்டியிருந்தா நான் இப்போ டேப் ஒட்டிக்கிட்டிருப்பேன்.

தாளை எடுத்துக்கிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டிருந்தார். இதைப் பார்த்துட்டேன்னு சொன்னேன், அஞ்சு நாள்ல முதல் வார்த்தை. அவர் தலையைக்கூட நிமிர்த்தல. "பேனா முனை தேஞ்சிருந்தா எழுத்து அப்படித்தான் பெருசா விழும். உன் தப்பு இல்ல"ன்னார்.

நான் எழுதினது பென்சில்ல.